யார் பேரில் ஓடுகிறது

கம்பம் டவுனுக்கு எந்தக் கட்சிக்காரர் மைக் பிடிக்க வந்தாலும் சோணையம்மாள் முன்னால் போய் நிற்பாள். கேட்பது ஒன்றுதான். கம்பெனி யாருடையது, லாபம் யார் வீட்டுக்குப் போகிறது, வரி யார் கட்டுகிறார் என்று ஊரறியச் சொல்ல வைக்கிற மாதிரி ஒரு சட்டம் போடுங்கள் என்பாள். பைத்தியம் என்றார்கள். சொன்னவர்களுக்கென்ன, மகளைப் பறிகொடுத்தவள் அவளல்லவா!

ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு போன ஜீப், மலையேறும் மெட்டு ரோட்டில் உருண்டது. அதில்தான் மகள் ஜக்கம்மா போய்ச் சேர்ந்தாள். ஜீப் வைகுண்டராஜ் முதலாளியுடையது என்று கம்பத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். அவரோ கோர்ட்டில் கூசாமல், அது ஏதோ கம்பெனி வண்டி, எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வரிக்குப் பயந்து ஆளுக்கொரு பேரில் சொத்தைப் பிரித்து வைத்திருக்கிற மனிதர் வேறென்ன சொல்வார்?

வக்கீல் ஏசுதாசன்தான் அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தார். எம்.பி. மீட்டிங்குக்கு வருகிற நாளைக்கு முந்தின சாயங்காலம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கம்பெனி யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று மதுரையில் விசாரித்துவிட்டு வந்திருந்தார். பேரைச் சொன்னார். சின்னக்கருப்பு. முதலாளி ஏலக்காய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்கு வாட்ச்மேன். அவள் புருஷன்.

கிளறினால் நஷ்டஈடும் வரிப் பாக்கியும் அவன் தலையில்தான் விடியும், விட்டுவிடலாம் என்றார் வக்கீல். அவள் வீட்டுக்கு நடந்தாள்.

"மொதலாளி கேட்டாக, கைநாட்டு வச்சேன். மாட்டேன்னு சொல்ல முடியுமா புள்ள?" என்றான் சின்னக்கருப்பு.

"நம்ம புள்ள செத்தன்னைக்கு இது ஒமக்குத் தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தெரிந்திருக்கிறது. அவள் மீட்டிங் மீட்டிங்காகத் தொண்டை வறளக் கத்திவிட்டு வந்தபோதெல்லாம், பாவி, சோற்றைத் தின்றுவிட்டுப் பேசாமல் படுத்திருக்கிறான். அவளுக்கு அவனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. அழுகைகூட வரவில்லை.

மறுநாள் எம்.பி. முன்னால் மனுவோடு புருஷனையும் இழுத்து வந்து நிறுத்தினாள். பக்கத்து நாற்காலியில் வைகுண்டராஜ் சால்வையும் மாலையுமாக உட்கார்ந்திருந்தார்.

"அய்யா, எம்மகளக் கொன்ன ஜீப்புக்கு மொதலாளி இந்தா நிக்கிற இவுகதான். காலுல செருப்பு இல்ல, பாருங்க. பாத்துட்டுச் சட்டம் போடுங்க."

டெல்லியில் பேசுகிறேன் என்று எம்.பி. மனுவை வாங்கிக்கொண்டார். டெல்லியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பர்மிட் இல்லாத வண்டிக்குச் சொந்தக்காரன் என்று சின்னக்கருப்பைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. வரிக்காரர்கள் வந்து ஓட்டு வீட்டை ஜப்தி செய்தார்கள்.

ஜீப்புகள் மட்டும் நிற்கவில்லை. கம்பெனிக்கு வேறு பேர் எழுதி, புதுப் பெயிண்ட் அடித்து, பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் மெட்டுக்குக் கிளம்பின. சோணையம்மாள் குறுக்கே போய் நின்றாள். இது யார் பேரில் ஓடுகிறது என்று டிரைவர் ஒச்சாண்டியைக் கேட்டாள். அவளுடைய சொந்த அண்ணன் மகன்தான் அவன். அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

"எம்பேருலதான் அத்தை," என்றான்.