பதினான்காம் தேதிப் பக்கம்

மேவிஸ் தகரப் பெட்டியைக் கட்டிலின் மேல் கவிழ்த்தாள். ஒரு விசில், இரண்டு கழுத்துப்பட்டைகள், அம்மாவின் மூக்குக் கண்ணாடி. பதிவேடு இல்லை.

கீழிருந்து கிளைவ் கூப்பிட்டான். "மேவிஸ், அப்பாவோட சவப்பெட்டியைக் கொண்டு வந்துட்டாங்க. வண்டி வாசல்ல நிக்குது."

"யாரோ எடுத்திருக்காங்க."

"எதை?"

நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் கிளைவிடம் சொல்லாதது அது ஒன்றுதான்.

அது அப்பா வேலை பார்த்த சிக்னல் கேபினின் பதிவேடு. ஆல்தர்பி ரயில் கிளைப்பாதையை மூடிய அன்று கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ரயில் வருகிறது என்று அடுத்த கேபினிலிருந்து மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வரி எழுத வேண்டும். எல்லாப் பக்கங்களிலும் அப்பாவின் ஒடுங்கிய சாய்ந்த கையெழுத்து. 1961 நவம்பர் பதினான்காம் தேதியில் மட்டும் ஏழு வரிகள் வேறு கை. உருண்டையான எழுத்து, மேவிஸுடையது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

அன்று மூடுபனி. நாற்பது அடி தள்ளி இதே வீட்டில் அம்மா ரத்தமாக இருமிக்கொண்டிருந்தாள். மேவிஸைக் கேபினில் விட்டுவிட்டு அவளைப் பார்க்க அப்பா ஓடினார். மணி அடித்தது. மேவிஸ் பார்த்துப் பார்த்துப் பழகியவள். சாலைக்குக் குறுக்கே பெரிய கேட்டைச் சாத்தினாள், கைகாட்டியை இறக்கினாள், ஒவ்வொரு மணிக்கும் நேரத்தை எழுதினாள். நடந்து போகிறவர்களுக்கான சின்ன கேட்டைப் பூட்டத் தனி லீவர் இருந்தது. அதை மறந்தாள். டெட் ஷார்மன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாக வந்து ரயிலில் அடிபட்டுச் செத்தான். இருபத்திரண்டு வயது.

விசாரணையில் அப்பா சொன்னார்: கேபினில் நான்தான் இருந்தேன். சின்ன கேட்டைப் பூட்டினேன். அவன் ஏறிக் குதித்திருக்க வேண்டும். அதிகாரிகள் நேரங்களைச் சரிபார்த்தார்கள். எழுத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அப்பாவும் அவளும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

தேவாலயத்தில் கடைசி வரிசையில் ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆல்தர்பி ரயில்பாதை வரலாற்றுக் கழகம். ஐந்து கோட்டுகளிலும் ஒரே பித்தளை வில்லை. செயலாளர் லாக்யர் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். ஆறு வருஷமாகப் புதன்கிழமை தோறும் டேப் ரிக்கார்டரோடு அப்பாவிடம் வந்தவர். கேக்கோடு வருவார், போகும்போது பழைய படங்களோடு போவார். இன்று மடியில் ஒரு பழுப்புத் தோல்பை. பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது அவர் பையையும் தூக்கிக்கொண்டு எழுந்தார். மேவிஸ் பாட்டின் வரியைத் தவறவிட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் அப்பாவின் வீட்டுக்கு வந்தார்கள். ஹாம் சாண்ட்விச், பழக் கேக், தேநீர். லாக்யர் பையைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு சாப்பிட்டார்.

"பையை அந்தப் பக்கம் வைங்களேன், மிஸ்டர் லாக்யர். யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க."

"பழக்கமாயிடுச்சுங்க."

"இந்த வீட்டுல எது எங்க இருக்குன்னு என்னை விட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

"உங்க அப்பா சொல்லுவாரு, நான் போய் எடுத்துட்டு வருவேன். அவரால மாடி ஏற முடியல."

"பெட்டியையும் அவரே திறக்கச் சொன்னாரா?"

லாக்யர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு மறுபடி மெல்லத் தொடங்கினார்.

ஜன்னலோரம் கழகத்தைச் சேர்ந்த பிரிடி என்ற குண்டு மனிதர் இன்னொருவரோடு மல்லுக்கு நின்றார்.

"ஸ்டேஷன் விளக்குக் கம்பம் வெள்ளைய்யா. சுத்த வெள்ளை."

"கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாத்துட்டு வெள்ளைங்கறான் பாரு."

"உங்களுக்கெல்லாம் பொழுது போகலைன்னா கல்யாணம் பண்ணிக்கலாமே," என்றான் கிளைவ்.

"பண்ணியிருக்கேன் சார்," என்றார் பிரிடி. "அவ கார்ல உக்காந்திருக்கா. இறங்க மாட்டேங்கறா."

மேவிஸ் லாக்யரைச் சமையலறைக்கு வரச் சொன்னாள். கதவைச் சாத்தினாள்.

"பதிவேட்டைக் குடுங்க."

அவர் தயங்கவில்லை. பையைத் திறந்து, துவைத்த தலையணை உறையில் சுற்றியிருந்ததை எடுத்து மேசையில் வைத்தார்.

"மார்ச் மாசம் குடுத்தாரு. படம் எடுத்துட்டுத் திருப்பித் தரச் சொன்னாரு. தர வந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாருன்னாங்க."

"கிளைவ் இருந்திருப்பாரே, அவர்கிட்ட குடுத்திருக்கலாமே."

"உங்க கையிலதான் தரணும்னாரு. வேற யார் கையிலயும் வேண்டாம்னாரு."

அவள் உறையைப் பிரிக்கவில்லை. "எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்தீங்களா?"

"எல்லாப் பக்கமும்."

"எதை அச்சுல போடப் போறீங்க?"

லாக்யர் பையிலிருந்து ஒரு தாளை உருவினார். அடுத்த மாதம் கழகம் வெளியிடப்போகிற புத்தகத்தின் அச்சுப்படி. நவம்பர் பதினான்கு. ஏழு உருண்டை வரிகளும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன. கீழே சின்ன எழுத்தில்: விபத்து நாளின் பக்கம். பதிவு செய்தவர், சிக்னல்மேன் டபிள்யூ. டான்ஸ்லி.

அப்பாவின் பெயர். அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"உங்க அப்பாகிட்ட கேட்டேன்," என்றார் லாக்யர். "டேப்ல இருக்கு. அன்னிக்குக் குளிர்ல கை விறைச்சுப் போச்சு, எழுத்து அப்படித்தான் வந்துதுன்னாரு."

"நீங்க நம்பினீங்களா?"

அப்பாவின் கையெழுத்தை முந்நூறு பக்கத்துக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவர் அவர். ஒரு ரயில் ஒரு நிமிஷம் தாமதமா இல்லையா என்ற தகராறில் பிரிடியோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தவர். கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டையின் நுனியில் துடைத்தார்.

"ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னாரு."

"மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் கண்ணு இருக்குங்க."

குழாய் சொட்டியது. அவள் அதை இறுக்கி மூடினாள்.

"அவர் பேரையே போடலாமான்னு கமிட்டியில ஓட்டுக்கு விட்டோம்," என்றார். "அஞ்சுக்கு அஞ்சு. இத்தனை வருஷத்துல நாங்க அஞ்சு பேரும் ஒத்துப்போனது அது ஒண்ணுலதான்."

"பதிலுக்கு என்கிட்ட என்ன வேணும் உங்களுக்கு?"

அவர் யோசித்தார்.

"கேக் இன்னொரு துண்டு கிடைச்சா நல்லாருக்கும்."

அவள் வெட்டிக் கொடுத்தாள். பெரிய துண்டு. அவர் அதைத் தட்டோடு எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பதிவேடு மேசையில் இருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் உறையின் முனையைப் பிடித்தாள், விட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே தூறல். பழைய பாதை சாலையைக் கடந்த இடத்தில் அவர்கள் ஐந்து பேரும் நின்றார்கள். தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். முட்செடியும் புல்லும்தான். பிரிடி அளவு நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். லாக்யர் ஒரு கையில் கேக்குத் தட்டை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் எதிர்ப்பக்கம் காட்டினார்.

மேவிஸ் கோட்டு போடாமல் வெளியே வந்தாள்.

"அங்க இல்ல," என்றாள்.

ஐவரும் திரும்பினார்கள். அவள் அவர்களைத் தாண்டி வேலியோரம் நடந்தாள். ஒருமுறை நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் மூன்று அடி வைத்தாள்.

"சின்ன கேட் இங்க இருந்துச்சு. வீட்டுப் பக்கமாத் திறக்கும்."

எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பிரிடி ஈரப் புல்லில் மண்டியிட்டார். இடத்தைக் குறிக்கக் கோட்டுப் பையிலிருந்து ஒரு மர ஆப்பை எடுத்து அவளுடைய காலணிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அவள் காலை எடுப்பதற்காகக் காத்திருந்தார்.