இடது தோள்

இடது கையைச் சட்டைக்குள் நுழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்த அந்தச் சின்ன அறையில், மகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டாள். கணவர் அந்த விறைத்த முழங்கையை மடக்கப் பார்த்தார். அது மடங்கவில்லை.

அங்கே வேலை செய்யும் பெண் பக்கத்தில் வந்தாள். "இழுக்காதீங்க சார். வேணும்னா முதுகுப் பக்கம் கத்தரிச்சுக்கலாம். வெளிய தெரியாது."

"வேண்டாம், கத்தரிக்க வேண்டாம்."

முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்த கைகள் அவருடையவை. இருட்டில், தலைக்கு மேலே, கண்ணால் பார்க்காமலே திருகாணியைக் கழற்றும் கைகள். இந்த ஒரு சட்டைக்கையிடம் அவை திணறின. கடைசியில் அந்தப் பெண்தான் மணிக்கட்டைப் பிடித்து, பச்சைக் குழந்தைக்குப் போட்டுவிடுவது போல வாட்டமாக உள்ளே வாங்கிவிட்டாள். துணியை மேலே இழுத்துவிடும்போது அவர் மனைவியின் இடது தோளைப் பார்த்தார்.

அதில் ஒன்றுமே இல்லை. சிவப்பு இல்லை, கன்றிப்போன அடையாளம் இல்லை. சின்ன வயதில் போட்ட தடுப்பூசித் தழும்பு மட்டும் அதன் இடத்தில் இருந்தது.

"என்னப்பா பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. பட்டனப் போடு."

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். இருபத்தேழு வருஷமாக ஒரே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வில்லையாக மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பது அவள் வேலை. நேற்று மத்தியானமும் அதைத்தான் கேட்டாளாம். வந்தவர் பதில் சொல்வதற்குள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். அவள் வயது ஐம்பத்தொன்று.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரை மகள்தான் ஓட்டினாள். வேறு ஊரில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். செய்தி கேட்டு நேற்று சாயங்காலமே வந்துவிட்டாள். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தியபோது, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா எதாச்சும் சொன்னாளாப்பா? நெஞ்சு அடைக்குது, முதுகு வலிக்குது, கை தோள் இழுக்குது, இப்படி எதாச்சும்? பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். முன்னாடியே தெரிஞ்சிடும்."

"இல்லையே. ஒண்ணும் சொல்லல."

விளக்கு பச்சையானது.

மனைவியின் துப்பாக்கி விவகாரம் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஊருக்கு வெளியே இருந்த சுடும் மைதானத்திலிருந்து ஒரு பெண்மணி, மஞ்சள் வில்லை போட்ட பாதுகாப்புக் கண்ணாடிகள் வாங்கக் கடைக்கு வந்தார். வார நாளில் பஸ் டிரைவர், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் புதியவர்களுக்குக் கோச். ஒருநாள் வந்து சும்மா சுட்டுப் பாருங்கள் என்று கடையில் எல்லாரையும் கூப்பிட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். இவள் போனாள்.

அன்றைக்கு வலது கன்னம் சிவந்து வீடு திரும்பியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் குடையை எடுத்துத் தோளில் சாய்த்து அவருக்குப் பாடம் நடத்தினாள். முதலில் துப்பாக்கியைத் தரவே மாட்டார்களாம். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. அப்புறம் நடுவில் மடக்கித் திறந்த துப்பாக்கி. சுடும் இடத்தில் போய் நிற்கும்வரை அதைத் திறந்தேதான் வைத்திருக்க வேண்டும், குழல் எப்போதும் மைதானத்தைப் பார்த்தே இருக்க வேண்டும். துப்பாக்கியின் பின்கட்டையைத் தோள் குழியில் அழுத்திக் கன்னத்தை ஒட்டவைத்து, "விடு!" என்று கத்தினால் இயந்திரம் ஒரு களிமண் தட்டைப் பறக்க விடும். உள்ளங்கை அகலம், ஆரஞ்சு நிறம். துப்பாக்கியைப் பார்க்கக் கூடாது, தட்டைத்தான் பார்க்க வேண்டும். சுட்ட பிறகும் கையை நிறுத்திவிடாமல் கூடவே போக வேண்டும்.

"எத்தன ஒடைச்ச?"

"இருபத்தஞ்சுக்கு ஒண்ணு."

"வீட்ல பாத்திரம் கழுவுறப்ப இதவிட நெறய ஒடைப்பியே!"

அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த ஞாயிறும் போனாள். அப்போதுதான் கோச் அவளுடைய இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களுக்கு நடுவே சின்னத் துவாரம் அமைத்து, அதன் வழியே தூரத்துக் கம்பத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வலது கண்ணை மூடினால் கம்பம் இருந்தது. இடது கண்ணை மூடினால் காணாமல் போனது. "உங்களுக்கு இடது கண்தாம்மா எசமான். தோள மாத்துங்க." ஊர்க் கண்ணையெல்லாம் பார்த்தவளுக்குத் தன் கண் தெரிந்திருக்கவில்லை. இதை அவள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அன்று முதல் துப்பாக்கி இடது தோளுக்கு மாறியது. ஆரம்பத்தில் கட்டையை இறுக்கிப் பிடிக்கத் தெரியாமல் தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது உண்மை. அதை அவர் பார்த்திருக்கிறார். அப்புறம் பார்க்கவில்லை.

அவர் அவளுக்குக் 'கமாண்டர்' என்று பேர் வைத்தார். அக்கம்பக்கத்தில் கேட்டால், "எங்க வீட்டுக்குப் பூட்டே வேண்டாம், கமாண்டர் இருக்காங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு அவள் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவர் நிறுத்தவில்லை. அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி செய்தித்தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை. அவள் போக ஆரம்பித்த பிறகு முழுச் செய்தித்தாளும் அவருக்கே கிடைத்தது. அது பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கேலி செய்யத்தான் வந்தது.

"ஒரே ஒரு தடவ வந்து பாருங்களேன்" என்று அவள் கேட்டிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை.

இந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், அவர் டிரில்லைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தபோது, அவள் அலமாரியில் தைலம் தேடினாள்.

"என்ன?"

"தோள் வலிக்குது. இடது பக்கம். ரெண்டு மூணு நாளா..."

"துப்பாக்கி புடிச்சு ஆடுனா தோள் சும்மா இருக்குமா? வேணும். நல்லா வேணும்."

அவள் தைலத்தின் மூடியைத் திருகிக்கொண்டு அங்கேயே நின்றாள். இன்னும் என்னவோ சொல்ல வந்தவள் போல. அவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வீட்டில் கூடத்தில் அவளைக் கிடத்தினார்கள். வாடகை நாற்காலிகளை வாசல்வரை போட்டிருந்தார்கள். கடையில் வேலை செய்பவர்கள், அவர் கம்பெனி ஆட்கள், எதிர் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். அவருடைய அக்கா வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் அந்தத் துப்பாக்கிச் சனியன்தான். இந்த வயசுல இது தேவையா? சுடச்சுட நெஞ்சுல இடிக்குமாம். இடி வாங்கி வாங்கி நெஞ்சே நின்னுடுச்சு. என் தம்பி தலைபாடா அடிச்சுக்கிட்டான், கேட்டாளா?"

கேட்டவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை அக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவின் கதையில் அவருக்கு ஒரு நல்ல இடம் இருந்தது. அவர் அதிலேயே உட்கார்ந்துகொண்டார்.

இரண்டரை மணிக்குக் கோச் வந்தார். பஸ் டிரைவர் சீருடை, கையில் தொப்பி. நேராக வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும். அவளுடைய கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். கோச் திரும்பியதும் அக்கா எழுந்தாள்.

"நீங்கதானா அது? தோள ஒடைச்சு அனுப்புனது பத்தலைன்னு இப்ப பாக்க வேற வந்துட்டீங்களா?"

கோச் பணிவாகத் தலையை ஆட்டினார். "ஆமாம்மா. ரொம்ப நல்லவங்க" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும் குரலில். அப்போதுதான் அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பது எல்லாருக்கும் புரிந்தது. யாரோ இருமினார்கள். மகள் தலைமாட்டில் உட்கார்ந்து அத்தையை முறைத்தாள்.

அவர் கோச்சைச் செருப்பு அலமாரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"பதினொண்ணு ஒடைச்சாங்க சார் ஒருநாள். இருபத்தஞ்சுக்குப் பதினொண்ணு" என்றார் கோச். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினார். "உங்ககிட்ட சொல்லிருப்பாங்க."

சொல்லவில்லை.

"ஒண்ணு ஒடைஞ்சா போதும், பக்கத்துல நிக்கிறவனைப் புடிச்சு உலுக்கிடுவாங்க. அப்படி ஒரு சிரிப்பு. ஆனா மூணு வாரமா துப்பாக்கியத் தொடல சார்."

"என்னது?"

"தொடவே இல்ல. தோள் இழுக்குது, நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குதுன்னாங்க. பெஞ்சுல உக்காந்து மத்தவங்களுக்குத் தட்டு விடுற பட்டனை அமுக்கிட்டு இருந்தாங்க. இது துப்பாக்கி வலி இல்லம்மா, அது ரெண்டு நாள்ல போயிடும், டாக்டரைப் பாருங்கன்னு சொன்னேன். பாக்குறேன்னாங்க. நான் கையோட இழுத்துட்டுப் போயிருக்கணும். ஒரே ஒரு தடவ சொல்லிட்டு விட்டுட்டேன்." அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்லயாவது சொல்லுங்கன்னேன். 'சொன்னா அவ்வளவுதான், நான் அப்பவே சொன்னேனேன்னு ஆரம்பிச்சிடுவாரு. என் ஞாயித்துக்கிழமை போயிடும்'னு சிரிச்சாங்க. உங்களுக்குத் தெரியவே தெரியாதில்ல சார்?"

கோச்சின் கண் கலங்கியிருந்தது. பழியில் பாதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, மீதியையும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றது போல இருந்தது. அவர் 'தெரியாது' என்று தலையசைக்க வேண்டியதுதான். தலை பாதி அசைந்தும்விட்டது.

"சொன்னா" என்றார்.

"என்ன சார்?"

"என்கிட்ட சொன்னா."

கோச் மறு பக்கக் காதைத் திருப்பிக்கொண்டு குனிந்தார். "கேக்கல சார். வெடிச் சத்தத்துல ஒரு காது போயிடுச்சு. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

அவர் கூடத்தைப் பார்த்தார். பிறகு, லிஃப்ட் கிணற்றின் மேலே நிற்கும் ஆளுக்குக் கீழேயிருந்து குரல் கொடுப்பது போலச் சொன்னார்.

"திங்கக்கிழமை என்கிட்ட சொன்னா. தோள் வலிக்குதுன்னு. நல்லா வேணும்னு சொன்னேன்."

கூடத்தில் பேச்சு நின்றது. அக்கா யாருக்கோ நீட்டிய தண்ணீர் டம்ளர் நீட்டியபடியே இருந்தது. மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, நேராகவே இருந்த அம்மாவின் சட்டைக் காலரை இன்னொரு முறை நேராக்கினாள்.

கோச் அவருடைய முழங்கைக்கு மேலே ஒரு தடவை அழுத்திப் பிடித்தார். "வண்டி வர்ற வரைக்கும் இருக்கேன்" என்று வெளியே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா அதற்குப் பிறகு யாரிடமும் கதை சொல்லவில்லை.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. மயானத்துக்கு மகள் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். அவர் பின்னால் மனைவியோடு போனார். அங்கே கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டார். தகன அறையின் இரும்புக் கதவு திறந்து மூடியது. அது சத்தமில்லாமல் ஓடியதை அவர் காது தன்னையறியாமல் கவனித்தது. அதற்காகவும் அவருக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது.

வீடு திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. நாற்காலிக்காரர்கள் எல்லாவற்றையும் அடுக்கி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா கூடத்தைக் கழுவிவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினாள். அவர் ஈரத் தரையின் நடுவில் நின்றார். மகளிடம் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று சொல்லலாம்தான். ஆனால் அதைக் கேட்க வேண்டிய ஆள் அவள் இல்லை.

மகள் பின்கட்டுக்குப் போனாள். இடம் வேண்டுமென்று காலையில் யாரோ சாப்பாட்டு மேசையைத் தூக்கி அங்கே வெயிலில் போட்டிருந்தார்கள். அவள் அதைத் துணியால் துடைத்தாள். துடைத்து முடித்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை. அவர் போய் மறுமுனையைப் பிடித்தார்.

தூக்கினார்கள். கதவு குறுகல். மேசையைப் பக்கவாட்டில் சாய்த்துக் கால்களை முதலில் விட வேண்டியிருந்தது. அவர் பின்னோக்கி நடந்தார். மேசையின் பலகை நடுவில் மறைத்ததால் அவருக்கு மகளின் விரல்கள் மட்டும்தான் தெரிந்தன.

"படி இருக்குப்பா" என்றாள்.

அவர் நின்று, குதிகாலால் படியைத் தேடினார்.