சரிபார்த்தவர் என்ற கட்டம்

மூன்று பேர் அலுவலகம் அது. கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டு வரைபடம் கொடுப்பது தொழில். முதலாளி ஒருவர், ஃபோன் எடுக்க ஒரு பெண்மணி, மூன்றாவது ஆள் இன்ஜினியரான அவள்; மீதி வேலையெல்லாம் அவள்தான். கம்பிக் கணக்கும் அவளே, வரைவதும் அவளே, பிரிண்டரில் காகிதம் சிக்கினால் கையை விட்டு இழுப்பதும் அவளே. சம்பளம் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆனால் லீவு கேட்டால் "போயிட்டு வாம்மா" என்பதோடு சரி. ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் இரண்டு கட்டங்கள் உண்டு: வரைந்தவர், சரிபார்த்தவர். இரண்டாவதில் முதலாளி கையெழுத்துப் போடுவார், படத்தைப் பார்க்காமலே.

"நீ பார்த்துட்டல்ல, அது போதும்மா."

ஆறு வருடமாக இந்த வார்த்தையில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமையோடுதான் ஒரு பெரிய கம்பெனிக்கு நேர்முகத்துக்குப் போனாள். தான் வரைந்ததிலேயே நல்லதென்று நினைத்த வீட்டுப் படத்தை மேசையில் விரித்தாள். எதிரே இருந்த அம்மையார் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் விரலை வைத்தார்.

"இதோட எடைக்கு எவ்வளவு எடுத்தீங்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தொட்டி வேண்டுமென்று வீட்டுக்காரர் பிற்பாடுதான் ஃபோனில் சொன்னார். படத்தில் வரைந்தாள், கணக்கில் சேர்க்கவில்லை. அந்த மாடிக்கு இன்று பதினோரு மணிக்குக் கான்கிரீட். இப்போது மணி பத்தே முக்கால். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே ஓடி மேஸ்திரியை அழைத்தாள்.

"அண்ணே, கான்கிரீட்ட நிறுத்துங்க. என் கணக்குல தப்பு."

"மிஷின் ஓடுதேம்மா. சார் சொன்னாரா?"

"இல்ல, நான்தான் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரி. நிறுத்திடறேன்."

அவ்வளவுதான். உள்ளே திரும்பி நடந்ததைச் சொன்னாள். தங்கள் கம்பெனியில் இப்படி நிறுத்த ஐந்து பேர் ஒப்புதல் வேண்டும் என்று அந்த அம்மையார் பிறகு சொன்னார். ஐந்து பேர் பார்த்த படத்தில் தொட்டி விட்டுப்போயிருக்காது என்றும் சொன்னார். வேலைக்கு வருகிறாளா என்று இரண்டு நாளில் தெரிவிக்கச் சொன்னார்.

மதியம் அலுவலகத்துக்கு வந்து கணக்கைத் திருத்தி, கம்பிகளைக் கூட்டி, புதுப் படத்தை முதலாளி முன்னால் வைத்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நாலு திட்டு திட்டினால் தேவலை என்றிருந்தது.

"விடும்மா, யாருக்குத்தான் தப்பு வராது" என்று பேனாவைத் திறந்தார்.

"சார், இத ஒரு தடவ பார்த்துடுங்க."

"நீ பார்த்துட்டல்ல, அது போதும்மா."

போட்டுவிட்டார். அவள் தன் இடத்துக்குப் போய் அதே படத்தைத் தானே இன்னும் மூன்று முறை பார்த்த பிறகுதான் மேஸ்திரிக்கு அனுப்பினாள். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வேலையை விடுவதாக நாலே வரியில் எழுதிக்கொண்டுபோய் நீட்டினாள்.

முதலாளி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். திரும்பவும் படித்தார். அவள் கொடுத்த காகிதத்தை அவர் முழுசாகப் படித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தேதி போட மறந்துட்டியேம்மா" என்றார்.