மாப்பிள்ளையின் பச்சை வட்டம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கினார்கள். என் தங்கை கணவருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை, நாள்பட்ட நோயாளிகள் வீட்டிலிருந்தே பயிற்சி செய்ய ஒரு கைப்பேசிச் செயலி கொடுத்திருக்கிறது. அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"உங்க மாப்பிள்ளை நல்லா தேறிட்டாரு சார். நீங்க கதை எழுதுவீங்களாமே. எங்க ஆண்டு மலருக்கு நம்பிக்கை தர்ற மாதிரி ஒண்ணு எழுதித் தாங்களேன்."

சரி என்று சொல்லித் தொலைத்தேன். முதல் வரி:

தொழில்நுட்பம் மட்டும் கைகொடுக்காமல் போயிருந்தால் இன்று அவர்

அதற்குமேல் போகவில்லை. எழுதிய கை கூசியது. அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

வேறு தொடக்கம். மாப்பிள்ளை கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். நசுங்கி வந்த கதவு அவர் கையிலிருந்து போகும்போது எது பழசு, எது புதுசு என்று கண்டுபிடிக்க முடியாது. பெயின்ட் புகை நுரையீரலைத் தின்றுவிட்டது. (ஒழுங்கான முகமூடி வாங்கித் தராத முதலாளியைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. கதை திசைமாறும் என்று எடுத்துவிட்டேன். எடுத்திருக்கக் கூடாது.)

போனது திரும்பாது, மிச்சத்தைப் பழக்கி வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். பழக்கியது வாராவாரம் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி மேடம்; ஆஸ்பத்திரிக் கணக்கில் அதற்குப் பெயர் நேரடிப் பயிற்சி. முதுகில் கை வைத்து, எங்கே அடைக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சொல்லிக் கொடுப்பார். அவர் வந்த பிறகுதான் மாப்பிள்ளை மாடிப்படியைப் பார்த்து மிரளாமல் இருந்தார்.

கூடவே வந்தது செயலி. தினமும் நடக்க வேண்டும். நடந்தால் திரையில் வட்டம் பச்சையாக நிறையும். ஒருநாள் குளியலறைத் தரையில் உட்கார்ந்து காற்றுக்கு அல்லாடிக்கொண்டிருந்தவரிடம் அது சொன்னது: 'இன்னும் கொஞ்சம் முயற்சி செய்திருக்கலாமே!'*

பிறகு மிரட்டியது: 'பங்கேற்பு குறைந்தால் உங்கள் நேரடிப் பயிற்சி இடம் வேறொருவருக்கு வழங்கப்படும்.'

(* ஆச்சரியக்குறி செயலியுடையது. எனக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.)

3

இப்போது என் தங்கை. அவளை அசட்டுப் பெண்ணாக எழுதினேன், பிறகு தியாகியாக எழுதினேன், இரண்டையும் கிழித்தேன். துணிக்கடையில் காலையிலிருந்து நின்ற கால் நிற்காமல் ஓடுகிறவள், அவ்வளவுதான்.

"என் போன்ல சார்ஜே நிக்க மாட்டேங்குதுங்க. உங்களுதை எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

"கொண்டு போ. சனியன் விட்டுதுன்னு இருக்கேன்."

அவள் இடுப்பில் செருகிய போனில் அவர் நடந்தார். புடவை எடுக்க ஏணி ஏறினார், கிடங்குக்கும் கல்லாவுக்கும் ஓடினார். வட்டம் நாளெல்லாம் பச்சை. மூச்சு எப்படி என்று அது கேட்டால் சிரித்த முகத்தை அமுக்கினாள். இடம் போகாமல் இருந்தால் போதும் என்பதுதான் அவள் நினைப்பு.

செய்தி வந்தது: 'வாழ்த்துகள்! நீங்கள் நலம் பெற்றுவிட்டீர்கள். நேரடிப் பயிற்சி இனித் தேவையில்லை.'

மேடம் வருவது நின்றது. மாப்பிள்ளை தங்கையைப் பார்த்தார்.

"யாரு நடந்தது?"

"நான்தான்."

"என்கிட்ட… ஒரு வார்த்தை… சொல்லலையே."

"சொன்னா விட்டிருப்பீங்களா? இடத்தைப் பிடுங்கிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

"இப்ப மட்டும்… விட்டு வச்சாங்களா?"

அவள் செய்தது தப்பில்லையா என்கிறீர்கள். தப்புதான். ஆனால் எனக்குப் பற்றி எரிவது அவள்மேல் அல்ல. நடக்காவிட்டால் அக்கறையில்லாதவன் என்று தள்ளுவார்கள், நடந்தால் குணமானவன் என்று தள்ளுவார்கள். எப்படியும் தள்ளுவது என்று முடிவு செய்துகொண்டு, அதற்கு வட்டம் என்ன, பச்சை என்ன?

4

முடிவுகள்.

அ. மேடம் செயலியை நம்பாமல் தானே வீடு தேடி வருகிறார். (பொய். அவர் எங்கே போகிறார் என்பதையும் ஒரு செயலிதான் கண்காணிக்கிறது.)

ஆ. மாப்பிள்ளை இறந்து (மாட்டேன். உங்கள் கண்ணீருக்காக என் வீட்டு மனிதரைக் கொல்ல மாட்டேன்.)

நடந்தது இது. மாப்பிள்ளை புகார் எண்ணுக்குக் கூப்பிட்டார். எடுத்தது இயந்திரம். 'உங்கள் குறையை நிறுத்தாமல் சொல்லுங்கள்' என்றது.

"நான் குணமாகல…" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார்.

'பதில் கிடைக்கவில்லை. நன்றி.'

மறுபடி கூப்பிட்டார். மறுபடி நன்றி.

"குடுங்க, நான் சொல்றேன்" என்று தங்கை பிடுங்கினாள். பதிவு செய்த நோயாளியின் குரல் மட்டுமே ஏற்கப்படும் என்றது அது. நடந்தவள் யாரென்று கேட்காத இயந்திரம், பேசுகிறவள் யாரென்று மட்டும் கண்டுபிடித்துவிட்டது.

5

ஆண்டு மலருக்கு இதையேதான் அனுப்பப் போகிறேன். போட்டால் போடட்டும்.

முடிவு உங்களிடம். மாப்பிள்ளை சொல்ல நினைத்ததை அவரிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறேன்:

"நான் குணமாகல, சட்டை மாட்டுறதுக்குள்ள உட்கார்ந்துடறேன், நடந்தது என் பொண்டாட்டி, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க, எனக்கு அந்த மேடம் வேணும்."

வாய்விட்டுப் படியுங்கள். உங்களால் ஒரே மூச்சில் முடியும். முடிந்ததும் இன்னொரு முறை, இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி, காற்றைத் தேடி, மாப்பிள்ளை சொல்வதுபோலச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் முதலில் எங்கே நிறுத்துகிறீர்களோ, அங்கே அவர்கள் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள். கதை அங்கேதான் முடிகிறது.