பதினேழாவது முங்கு

பதினேழு என்ற எண்ணுக்கு எங்கள் கடற்கரையில் யாரும் பயந்ததில்லை. அந்தப் பயத்தை உண்டாக்கிவிட்டவன் நான். என் பெயர் சூசை. சங்கு குளிக்கப் போகிறவர்களுக்குக் கயிறு பிடிப்பது என் தொழில்.

வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குளியாள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போவான். ஒரு தடவை போய் வருவது ஒரு முங்கு. மறுமுனை வள்ளத்தில் இருப்பவன் கையில் இருக்கும். கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால் உடனே தூக்கிவிட வேண்டும். அந்த முனையைக் கண்டவன் கையிலும் கொடுக்க மாட்டார்கள். மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவன் சம்மதிப்பான் என்ற நினைப்பு. அப்படி நினைத்தவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

என் தங்கை ஞானபாக்கியத்தின் புருஷன் தொம்மை. ஆறு வருஷமாக அவனுக்குக் கயிறு பிடித்தது நான்தான். எழுபத்தைந்தாம் வருஷம் தை மாதம் ஒரு புதன்கிழமை அவன் கீழே போயிருந்த நேரத்தில், புதுத் துறைமுகத்தைப் பார்த்து ஒரு கப்பல் வந்தது. அவ்வளவு பெரிய கப்பலை நான் அதுவரை கண்டதில்லை. கயிற்றைக் குறுக்குப் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எழுந்து நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வள்ளத்தின் அடுத்த கோடியில் இருந்தவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு அவரவர் வேலையில் இருந்தார்கள்.

பார்த்து முடித்துக் கயிற்றைத் தொட்டபோது அதில் அசைவே இல்லை. இழுத்தேன், வரவில்லை. கூட வந்திருந்த குளியாள் ஜேசுதாசன் குதித்துப் போய், தொம்மையின் காலைச் சுற்றியிருந்த நைலான் வலையை அறுத்து அவனை மேலே கொண்டுவந்தான். இடுப்பில் கயிறு இறுக்கிய இடத்தில் தோல் உரிந்திருந்தது. எத்தனை தடவை சுண்டினானோ பாவி மகன்.

கரையில் வள்ளத்துக்காரர் செல்வதுரை என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஏலே சூசை, எத்தனாவது முங்குல நடந்துச்சு?"

முங்கு எண்ணுவதும் கயிறு பிடிப்பவன் வேலை. எனக்கு எண்ணிக்கை எப்போதோ விட்டுப்போயிருந்தது. தெரியாது என்று சொன்னால் அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

"பதினேழு" என்றேன்.

ஏன் பதினேழு என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது.

"பதினாறு முங்கும் நல்லா ஏறி வந்திருக்கான். பதினேழுல கடல் தூக்கிட்டுப் போயிருச்சே" என்று அவர் தலையில் கைவைத்தார். சுற்றி நின்றவர்கள் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தன் சித்தப்பனைச் சுறா பிடித்ததும் பதினேழாம் தேதிதான் என்று ஒருவன் சொன்னான். பதினேழாம் நம்பர் வள்ளத்தில் தாரைப் பூசி அழித்துப் பதினாறு 'ஏ' என்று எழுதினார்கள். இதெல்லாம் மூடத்தனம் என்று சாமியார் ஞாயிறு பூசையில் திட்டித் தீர்த்தார். அதுவரை கேள்விப்படாதவர்களும் அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். மச்சினன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்ற வழக்கத்தையும் விட்டுவிட்டுக் குளியாட்கள் என்னைத் தேடி வந்தார்கள். சூசையண்ணன் எண்ணிக்கை தப்பாதவர், பதினாறோடு கரையேற்றிவிடுவார் என்று பேச்சு. வெட்கமில்லாமல் நானும் போனேன்.

பேச்சு என் தங்கை காதுக்கும் போயிற்று. அவள் சோற்றைத் தள்ளி வைத்தாள். துக்கம் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு என் கைக்குழந்தையைத் தூக்குவதை நிறுத்தினாள். என் மனைவி குழந்தையை நீட்டினால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். ஒரு நாள் மத்தியானம் என்ன ஏது என்று உலுக்கிக் கேட்டேன்.

"நான்தாண்ணே அவரக் கொன்னேன்" என்றாள். "உன் பிள்ளைக்குப் பால் புகட்ட ஒரு குட்டிச் சங்கு எடுத்துட்டு வாங்கன்னு அன்னைக்குக் காலைல கேட்டேன். அவரு பதினாறோட ஏறியிருப்பாரு. நான் கேட்டதுக்காகத்தான் பதினேழாவது முங்கினாரு."

தொம்மையின் பையில் விரல் நீளத்தில் ஒரு குட்டிச் சங்கு இருந்தது உண்மை. அதை எந்த முங்கில் எடுத்தான் என்று யாருக்குத் தெரியும்? இருபது, இருபத்திரண்டு என்று முங்குகிறவன் அவன். அதை அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும். நான் அப்படிப்பட்ட கோழை.

பங்குனிக்குள் அவள் எலும்பும் தோலுமாகிவிட்டாள். கஞ்சியை வாயில் ஊற்றினால் கடைவாயில் வழிந்தது. இனிப் பொறுத்தால் இவளும் போய்விடுவாள் என்று தெரிந்த அன்றைக்கு அவள் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏளா பாக்கியம், பதினேழுமில்ல, பதினாறுமில்ல. நான் எண்ணவே இல்ல. கயித்தப் பலகையில சுத்திட்டு, கப்பலப் பாத்துக்கிட்டு நின்னேன். மச்சான் சுண்டினது எனக்குத் தெரியாது. கொன்னது நான்தான்."

அவள் என்னையே பார்த்தாள். காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். துப்பினால் போதும், பிழைத்துக்கொள்வாள் என்று மனது அடித்துக்கொண்டது. அவள் சேலைத் தலைப்பை எடுத்து என் கண்ணைத் துடைத்தாள்.

"நான் சோறு திங்கணும்னு இப்படிச் சொல்லுதியா?" என்றாள். "உங்க அண்ணன் கயிறு பிடிச்சா அடியில படுத்துத் தூங்கிட்டு வரலாம்னு அவரு சொல்லுவாரு. என் பாவத்த நீ எதுக்குத் தூக்கிச் சுமக்க?"

"மாதா மேல சத்தியமா..."

"பொய்ச் சத்தியம் பண்ணாதண்ணே, பிள்ளைக்கு ஆகாது" என்று என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் கனமே இல்லை.

மறுநாளும் சொன்னேன், அதற்கு மறுநாளும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் எனக்காக இன்னும் கொஞ்சம் அழுதாள். ஈஸ்டர் கழிந்த வாரம் போய்விட்டாள். உயிர் பிரியும்வரை என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.