சின்னம் இல்லாத சீட்டு

என் வீட்டுக்காரர் தையல்காரர். கட்சியின் கிளைச் செயலாளரும் அவர்தான். இருபது வருடமாகத் தெருவில் வீடு வீடாகப் போய் ஒரே பாடம் நடத்தினார்: "சீட்டுல நம்ம சின்னத்தைத் தேடுங்க. வேற எதுலயும் முத்திரை விழக் கூடாது. கொள்கைன்னா கொள்கைதான்."

இந்தத் தேர்தலில் தலைமை திடீரென்று கூட்டணி வைத்தது. நேற்றுவரை துரோகி என்று வைத ஆளுக்கு, அவருடைய சின்னத்தில் ஓட்டுப் போடச் சொன்னது. இவரும் மென்று விழுங்கிக்கொண்டு அதையே வீடு வீடாகச் சொன்னார். தெருவே தலையாட்டியது. பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் வெறும் சீட்டு. நம் சின்னம் இல்லையே என்று மடித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நல்ல வாத்தியார், நல்ல பிள்ளைகள்!

அதில் ஒன்று இவருடையது. அன்று சாயங்காலம் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, "கை வரலை" என்று என்னிடம் சொன்னார். நான் அந்த ஆளுக்குத்தான் குத்தினேன், இவர் பதவிக்கு ஆபத்து வரக் கூடாதே என்று.

நேற்று விசாரணைக் குழு வந்தது, மூன்று பேர். கடைதான் எங்கள் முன்னறை. வாசலும் அது ஒன்றுதான். துணி வெட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் உள்ளே மாட்டிக்கொண்டேன்.

"துரோகம் பண்ணினவங்க பேரு வேணும். ஒண்ணாவது குடுங்க. இல்லேன்னா உங்களைத்தான் நீக்கணும்," என்றார் குழுத் தலைவர்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. கட்சி இல்லாவிட்டால் இந்த மனுஷன் ஒரு வாரம் தாங்க மாட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவமாக இருந்தது. தலையை ஆட்டித் தொலைத்தேன்.

"என் வீட்டுக்காரிதாங்க. எவ்வளவோ சொன்னேன், கேக்கலை."

"அப்ப இதுல கையெழுத்துப் போடுங்க. துரோகிங்களோட கட்சிக்காரன் பேச்சே வச்சுக்கக் கூடாது. நீங்க முன்மொழிஞ்ச விதிதானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டின பெண்டாட்டிக்குமா விதி? இவர் பேனாவை வாங்கி நிதானமாக முழுப் பெயரையும் எழுதினார்.

அவர்கள் போனதும் சாப்பிடக் கூப்பிட்டேன். தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெறும் சீட்டுப் போட்டது நீங்க! யாரும் இல்லை, இப்பவாவது வாயைத் திறங்க!"

மிஷின் நின்றது. எழுந்து போய்த் தெருவை இருபுறமும் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார். பேசத்தான் போகிறார் என்று பக்கத்தில் போனேன். மறுபடி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். என் குரல் வெளியே கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.