மிதித்தால் ஏறும் கியர்

மாமல்லபுரத்தில் பாதி வீடுகளுக்கு அருணகிரி இழுத்த வயரில்தான் டிவி ஓடியது. கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவுவான். ஏணி கொண்டுவரச் சொன்னால் சிரிப்பான். 2003 ஜூன் மாதம் ஒரு லாட்ஜின் கைப்பிடிச் சுவரில் கால் வழுக்கி, கீழே சன்ஷேடில் போய் விழுந்தான். இடது கணுக்கால் முறிந்தது.

சேதி தெரிந்ததும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக ஓடியவன் கலைவாணன். விஷயம் தெரிந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஏழு வருஷமாக இருவருக்கும் ஆகாது. ஒருவன் முன்னால் போனால் மற்றவனுக்குத் தூக்கம் வராது. ஆளுக்கொரு பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ் பைக்கை வைத்துக்கொண்டு ஒரே பிரிவில் ஓடியவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அருணகிரி நாலு ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வேறு பிரிவுக்குப் போய்விட்டான். கலைவாணன் ஆர்எக்ஸை விடவில்லை. ஆனால் இந்த வருஷம் ஆர்எக்ஸ் ஓடும் பிரிவையே போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கலைவாணனுக்கு முப்பத்துமூன்று வயது. கல்பாக்கம் டவுன்ஷிப் பம்ப் ஹவுஸில் பிட்டர். வீடு பக்கத்திலேயே புதுப்பட்டினத்தில். இத்தனை வருஷம் ஓடியது போதும், கௌரவமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று மனைவி சிநேகாவிடம் சொல்லியிருந்தான். சொல்லிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்த அருணகிரி அவனைப் பார்த்ததும் கேட்டான்.

"இன்னா மச்சான், சந்தோஷமா?"

"வாய மூட்றா. வலிக்குதா?"

"கால் கெடக்குது. அடுத்த மாசம் ரேஸு. பேரு குடுத்தாச்சு. வண்டி சும்மா நிக்கும்." மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ ஓட்டு."

கலைவாணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நெசமாத்தான் சொல்றேன். உன்ன உட்டா என் வண்டிய வேற எவனையும் தொட உடமாட்டேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்க. அதுல கியரு தலகீழா கீது. மிதிச்சா ஏறும், தூக்குனா எறங்கும். பேஜாரா இருந்தா மெக்கானிக்க கூப்ட்டு பழையபடி மாத்திக்க."

அப்படித்தான் அந்த வண்டி புதுப்பட்டினத்துக்கு வந்தது.

டவுன்ஷிப்புக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை அழித்து மனை போட்டிருந்தார்கள். தார் ரோடு பளபளவென்று இருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல்லும், காற்றில் கிழிந்த கொடிகளும் இருந்தன. வீடு என்று ஒன்றுகூடக் கிடையாது. காவலுக்கு இருந்த செங்கல்வராயன், "காலையில வந்துட்டுப் போயிடு. மனை பாக்க ஆளுங்க வர நேரத்துல சுத்திகினு இருந்தா என்னைத் தொரத்திடுவாங்க" என்ற நிபந்தனையோடு சங்கிலியை அவிழ்த்துவிட்டான்.

முதல் சுற்றிலேயே கலைவாணனுக்கு இது வேறு பிராணி என்று தெரிந்துவிட்டது. ஆர்எக்ஸ் ஒன்றுமில்லாததுபோல் முனகிக்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் கயிறு அறுந்ததுபோல் பாயும். ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் இருப்பதே தெரியாமல் உருண்டு போகும். இது அப்படியில்லை. முதலிலிருந்தே ஒரே சீராக இழுத்தது. ஆக்சிலேட்டரிலிருந்து கையை விட்டதும் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் வண்டி தடுத்தது. வளைவுக்குள் போகும்போது வழக்கம்போல் சடாரென்று கையை விட்டான். பின்சக்கரம் இரண்டு தடவை குதித்தது.

கியர்தான் அதைவிடப் பெரிய தலைவலி. முதல் கியருக்குத் தூக்க வேண்டும், அதற்கப்புறம் எல்லாம் மிதிக்க வேண்டும். மெதுவாகப் போகும்போது புத்தி சொன்னதைக் கால் கேட்டது. வேகம் கூடியதும் கால் தன் இஷ்டத்துக்குப் போனது. நேர் ரோட்டில் மூன்றாவது கியரில் முழு வேகத்தில் போய், நாலாவதைப் போடப் பதினைந்து வருஷப் பழக்கத்தில் கால் விரலால் தூக்கினான். நாலு விழவில்லை. இரண்டு விழுந்தது. இன்ஜின் வீறிட்டது, பின்சக்கரம் இறுகிப் பக்கவாட்டில் ஓடியது. அடுத்த கணம் கலைவாணன் மனைக்கல்லைத் தாண்டி மணலில் கிடந்தான்.

அவனுக்கு முழங்கையில்தான் சிராய்ப்பு. வண்டியின் டேங்கில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம்.

அன்று சாயங்காலமே மாமல்லபுரம் போய் அருணகிரியிடம் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். ஏழு வருஷத்தில் அவன் முன்னால் தலை குனிந்தது அதுதான் முதல் தடவை. அருணகிரி பள்ளத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"விழாம எவன்டா கத்துகினான்? மாத்திடு மச்சான் கியர. எதுக்கு வீம்பு?"

வீட்டுக்கு வந்தால் சிநேகாவும் அதையே சொன்னாள். முழங்கையில் டிஞ்சரை வைத்து அழுத்திக்கொண்டே, "மாத்திடுங்க. உங்க காலுக்கு ஏத்த மாதிரி வெச்சிகினு ஓட்டுங்க. இதுல இன்னா மானம் போவுது?" என்றாள்.

மெக்கானிக்கை வரச்சொல்ல வேண்டும் என்றுதான் கலைவாணனும் படுத்தான். காலையில் கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று மனைப்பக்கம் போனான். அங்கே கோடியில் கடல் பக்கமாக இடதுபுறம் திரும்பும் ஒரு நீண்ட வளைவு உண்டு. வண்டியை நன்றாகச் சாய்த்து அதற்குள் போனான். இன்ஜின் அடுத்த கியரைக் கேட்டது. ஆர்எக்ஸாக இருந்தால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. சாய்ந்திருக்கிற வண்டியில் இடது காலுக்கும் ரோட்டுக்கும் நடுவே இடமிருக்காது. கியர் ராடுக்கு அடியில் விரலை நுழைத்துத் தூக்குவதற்குள் பூட்ஸ் ரோட்டில் உரசும். வளைவு முடிந்து வண்டி நிமிரும்வரை இன்ஜினைக் கதறவிட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கே கால் ராடின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. லேசாக மிதித்தான். சாய்ந்தபடியே கியர் ஏறியது. வண்டி கோடு மாறாமல் முன்னால் போனது.

அவன் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக் கொஞ்ச நேரம் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மறுபடி போனான். திரும்பத் திரும்பப் போனான். செங்கல்வராயன் வந்து கத்தும்வரை போய்க்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சிநேகாவிடம், "மாத்த வேணாம். நான் மாறிக்கிறேன்" என்றான்.

"காலு எப்டிங்க மறக்கும்?"

"மறக்க வெக்கணும்."

முதல் காரியமாக ஆர்எக்ஸின் சாவியை அவளிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னான். ரேஸ் முடியும்வரை அதைத் தொடுவதில்லை என்று முடிவு. வேலைக்கு அப்பா ஏசுபாதத்தின் சைக்கிளில் போனான். பம்ப் ஹவுஸில், "இன்னா அண்ணாத்த, வண்டிய வித்துட்டியா?" என்று கேட்காத ஆளில்லை. ஏசுபாதம் மேஸ்திரி வேலை பார்த்து ஓய்ந்தவர். கருங்குழிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர், டவுன்ஷிப் கட்டும்போது சாரம் ஏற வந்து அப்படியே இங்கே தங்கிவிட்டார். மகனின் ரேஸை அவர் தடுத்ததில்லை, பார்க்கப் போனதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குக் கோயில்தான். ஆனால் சைக்கிள் போனது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நைனா, கொஞ்ச நாளைக்குத்தான்."

"ரெண்டு வண்டி வாசல்ல நிக்குது. நான் மார்க்கெட்டுக்கு நடந்து போறன். நல்லா கீதுடா உன் ரேஸு."

சிநேகா ஒரு விளையாட்டு கண்டுபிடித்தாள். அவன் சோற்றில் கை வைக்கும்போது, டிவி பார்க்கும்போது, திடீரென்று "நாலு!" என்பாள். அவன் கால் உடனே தரையை மிதிக்க வேண்டும். "மூணு!" என்று இறக்கினால் விரல் தூக்க வேண்டும். முதல் வாரம் பாதிக்குப் பாதி தப்பு. தப்பு செய்தால் அவள் கைகொட்டிச் சிரிப்பாள். இரண்டாம் வாரம் சிரிக்க வாய்ப்புக் குறைந்தது. மூன்றாம் வாரம் தூக்கத்தில் அவன் கால் மெத்தையை மிதித்துக்கொண்டிருந்ததாகக் காலையில் அவள் சொன்னாள். கலைவாணனுக்கு அது மெடல் வாங்கினதுபோல் இருந்தது.

காலை வேளைகளில் கையைப் பழக்கினான். ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடாமல், குழந்தை தூங்கிய தூளியை நிறுத்துவதுபோல் மெல்ல மெல்ல விட்டான். வண்டி தடுப்பதும் ஒரு பிரேக்தான் என்று போகப் போகப் புரிந்தது. அதை எதிர்த்து ஓட்டியபோது குதித்த வண்டி, அதோடு சேர்ந்து ஓட்டியபோது அடங்கி வந்தது.

ரேஸ் அன்று யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஏசுபாதம் விடிகாலை ஆராதனையை முடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையோடு வாடகை மினி லாரியில் வண்டிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "என் சைக்கிள எடுத்துகினு அப்டி இன்னாத்த கிழிச்சான்னு பாக்கணும்" என்றார். மாமல்லபுரத்திலிருந்து அருணகிரி ஊன்றுகோலோடு காரில் வந்து சேர்ந்தான்.

முந்தின நாள் தகுதிச் சுற்றில் கலைவாணன் பதினொன்றாவதாகத்தான் வந்திருந்தான். டிராக் பழகின டிராக்தான், வண்டிதான் புதுசு. எங்கே பிரேக் பிடிப்பது என்ற பழைய கணக்கெல்லாம் பொய்த்துப்போயிருந்தது. அதுபோதாதென்று, வண்டிகள் வரிசையில் நிற்கும்போது தூறல் போட்டது. பக்கத்திலிருந்த பையன்கள் வானத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

கொடி இறங்கியது. கலைவாணன் தூக்கி முதல் கியரில் கிளம்பினான். மிதித்தான், மிதித்தான், மிதித்தான். கால் ஒரு தடவைகூட அவனைக் கேட்கவில்லை.

ஈர ரோட்டில் மற்றவர்கள் சடாரென்று ஆக்சிலேட்டரை விட்ட இடங்களில் அவர்களுடைய பின்சக்கரம் வழுக்கியது. இரண்டு பேர் புல்லுக்குப் போனார்கள். கலைவாணன் மெல்ல விட்டு, மெல்லத் திறந்து, ஒவ்வொருவராகக் கடந்தான். பாதி ரேஸில் ஐந்தாவது. அப்புறம் நாலாவது. கடைசிச் சுற்றுக்கு நுழையும்போது மூன்றாவதாக இருந்தான். அவனுக்கு நேர் முன்னால் போனவன் மூன்று வருஷமாக இந்தப் பிரிவில் கோப்பை வாங்குகிற கோயம்புத்தூர்க்காரன் பிரவின்குமார். நேர் ரோட்டில் அவனைப் பிடிக்க முடியவில்லை. வலது வளைவுகளில் இருவரும் சமம்.

டிராக்கின் பின்பக்கத்தில், மனைப்பக்கம் பழகியது போலவே ஒரு நீண்ட இடது வளைவு வந்தது. பிரவின்குமாரின் வண்டி சாய்ந்து, இன்ஜின் கதறியபடி நிமிர்வதற்குக் காத்திருந்தது. கலைவாணனுக்கு அந்தக் கதறல் நன்றாகத் தெரிந்தது. ஏழு வருஷம் அவனும் அங்கே அப்படித்தான் காத்திருந்திருக்கிறான். அவன் சாய்ந்தபடியே லேசாக மிதித்தான். வண்டி ஒரு முழம், அப்புறம் ஒரு வண்டி நீளம் முன்னே போனது. வளைவு முடியும்போது அவன் முன்னால் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. அதை எட்டிப் பிடிக்க ரோடு மிச்சமில்லை.

இரண்டாவது. ஆர்எக்ஸில் ஓடிய ஏழு வருஷத்தில் அவன் மேடை ஏறியதில்லை. அருணகிரியும் இந்த வண்டியில் ஐந்தாவதைத் தாண்டியதில்லை.

அந்த நினைப்பு வந்ததும்தான் கலைவாணனுக்கு அருணகிரியை எப்படிப் பார்ப்பது என்று சங்கடமாக இருந்தது. வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். சிநேகா ஓடிவந்து ஹெல்மெட்டோடு சேர்த்து அவன் தலையைக் கட்டிக்கொண்டாள். அருணகிரி ஊன்றுகோலில் சாய்ந்து, டேங்கில் இருந்த பள்ளத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

"மச்சான்," என்றான். "அந்த லெஃப்ட்ல சாஞ்சிகினே கியர் ஏத்துன. காதால கேட்டேன். எப்டிடா?"

"உன் கியர்தான். மிதிச்சா ஏறுதுல்ல, அதான். அதுக்குன்னுதானே நீ மாத்துன?"

அருணகிரி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "நான் எங்கடா அதுக்கு மாத்துனேன்! டிவில ஃபாரின் ரேஸ்காரன் அப்டி வெச்சிருந்தான்னு மாத்துனேன். எதுக்குன்னே தெரியாது. ரெண்டு வருஷமா நிமிந்தப்புறம்தான் மிதிச்சிகினு இருந்தேன்." சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும் கலைவாணனின் தோளில் கை வைத்தான். "காலு சரியாவட்டும். எனக்குச் சொல்லிக்குடு."

எவனை முந்துவதற்கென்று இத்தனை வருஷம் ஓடினானோ, அவன் வாயால் அதைக் கேட்கும்போது கலைவாணனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு கோப்பை கைக்கு வந்தபோதுகூட அவ்வளவு இல்லை. பரிசு வாங்கக் கூப்பிட்டதும் அருணகிரியையும் இழுத்துக்கொண்டு போனான். ஊன்றுகோலோடு மேடையேற முடியாமல் அவன் கீழேயே நின்று, "என் வண்டி! என் வண்டி!" என்று கத்தினான்.

திரும்பும் வழியில் சிங்கப்பெருமாள்கோயிலில் டிபனுக்கு நிறுத்தினார்கள். ஏசுபாதம் கோப்பையை மேஜை நடுவில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார். ஆர்டர் எடுக்க வந்த ஆளிடம் இரண்டு விரலைக் காட்டி, "ரெண்டாவது!" என்றார்.

"ரெண்டு என்னங்க? பரோட்டாவா, தோசையா?"

"அட, அது இல்லப்பா. என் புள்ள..." என்று நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, தூறல் போட்டதிலிருந்து அவர் சொல்ல ஆரம்பித்தார்.